கத்தாத மெஷின்

கூனிமேடு பக்கம் பாதிப் பேர் என்னைச் சமையல் கேஸ் ஏஜென்சிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சின்ன அலுமினிய சிலிண்டர் ஒன்று நின்றபடி வரும். பின்னால் கருவிப் பை. டீ குடிக்க வண்டியை நிறுத்தினால், "மேடம், புக் பண்ணி எவ்ளோ நாளாவுது, எங்க வூட்டு சிலிண்டரு எப்ப வரும்?" என்று யாராவது கேட்காமல் விட்டதில்லை. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். பிறகு "நாளைக்கு வந்துடும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

என் வேலை சென்சார் பார்ப்பது. புதுச்சேரியில் ஒரு சின்னப் பட்டறை. கிளியனூரிலிருந்து தினமும் போய்வருகிறேன். ஒரு பொருள் எவ்வளவு பலமாக அழுத்துகிறது, ஒரு வாயு எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது, இந்த இரண்டையும் அளக்கிற சென்சார்களைப் பழுது பார்ப்பதும் சரிபார்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. கேட்கப் பெரிய விஷயமாக இருக்கும், பிரித்தால் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று தகடுகள், நடுவே கொஞ்சம் ஈரம். சிலவற்றில் அந்த ஈரம் உப்புக் கலந்த ஜெல். விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் உப்பு ஒரு பக்கமாக நகர்ந்து, துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அதை வைத்து எவ்வளவு அழுத்தினோம் என்று சொல்லிவிடலாம். வாயுவுக்கான சென்சாரில் ஜெல்லுக்குப் பதில் அமிலம். அதன் முகத்தில் பொட்டு அளவுக்கு ஒரு சல்லடை, சல்லடைக்குப் பின்னால் மெல்லிய சவ்வு. விஷவாயு எந்த அழுத்தத்தில் அந்தச் சவ்வை முட்டுகிறதோ அதற்கேற்ப உள்ளே நுழையும், அதற்கேற்ப மின்சாரம் வரும், எல்லை தாண்டினால் கருவி கத்தும்.

வாயு வரவில்லை என்றால் திரையில் பூஜ்யம். வம்பே இந்தப் பூஜ்யத்தில்தான். காற்று சுத்தமாக இருந்தாலும் பூஜ்யம், சவ்வு அடைத்துக்கொண்டு வாயு உள்ளே போக முடியாமல் இருந்தாலும் அதே பூஜ்யம். பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காகத்தான் நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கொஞ்சம் விஷவாயுவை அதன் முகத்தில் ஊதுவேன். கத்தினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே கடலை ஒட்டி இருக்கிறது அந்த ஹேச்சரி. இறால் குஞ்சு பொரிக்கிற இடம். தொட்டிகளைக் கழுவுகிற தண்ணீர், செத்த குஞ்சு, மிச்சத் தீவனம் எல்லாம் ஒரு மூடிய நிலத்தடித் தொட்டியில் போய்ச் சேரும். சம்ப்பு என்பார்கள். அடியில் கறுப்புச் சேறு தேங்கும். அந்தச் சேறு உண்டாக்குகிற வாயுவுக்கு அழுகின முட்டை நாற்றம். கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக மூச்சு விடுவான். அதனால் மூக்கை நம்பாமல் மெஷினை நம்ப வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தோம். சட்டைப் பையில் மாட்டிக்கொள்கிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மெஷின்.

அந்த மெஷின் மோட்டார் அண்ணன் பொறுப்பில் இருந்தது. பல வருஷம் உப்பளத்தில் இன்ஜின் ஓட்டித் தண்ணீர் ஏற்றியவர். பிறகு ஹேச்சரியில் மோட்டார், தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற புளோயர், பைப்லைன் எல்லாம் அவர் கையில். அவர் மனைவிக்கும் அங்கேயே வேலை, தண்ணீர் வடிகட்டுகிற பைகளைத் துவைத்துக் காயப்போடுவது. நான் அவளை அக்கா என்பேன். அவளுடைய தம்பியும் அவர்களோடு வந்து தங்கி அதே இடத்தில் வேலை பார்த்தான். அக்கா, மாமா, மச்சான் என்று மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். இவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வருவாள்.

தம்பிக்கு வாய் நீளம். ஒருமுறை தீவனத் தராசில் வைத்துப் பார்ப்பதற்காக உப்பு ஜெல் வைத்த சென்சார் பட்டை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அழுத்தினால் எண் ஏறுவதைக் காட்டினேன். உள்ளே உப்புதான் என்றதும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"உப்புல கரண்டு வருதா? இம்மாம் உப்ப வச்சிக்கினு எங்க ஊருல எதுக்கு மேடம் கரண்டு பில்லு கட்றோம்?"

"நீ போய் உப்பளத்துல ஒயர உட்டுப் பாரு" என்றேன்.

அப்புறம் மச்சானுக்கும் மாமாவுக்கும் போட்டி. யார் கட்டை விரலால் அதிகமாக அழுத்துவது என்று. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி ஜெயித்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். துவைத்த பையோடு வந்த அக்கா, "ஒன் பலத்த வேலைல காட்டுடா, வந்துட்டான் பெரிய பயில்வான்" என்றாள். நீங்களும் அழுத்துங்கள் என்று நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் பட்டும் படாமலும் தொட்டாள். அதற்கே எண் ஏறியது. "ஐயோ, நான் ஒடச்சிட்டேன்னு சொல்லப்போறீங்க" என்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவர்கள் மூன்று பேரையும் மிகவும் பிடிக்கும்.

அந்தக் கரையில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதன்மேல் எண்ணெய் இருந்தாக வேண்டும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பூட்டு, சைக்கிள் செயின், கேட்டுக் கொக்கி, தையல் மெஷின், மோட்டார் நட்டு எல்லாவற்றுக்கும் எண்ணெயோ கிரீஸோ தடவிவிடுவார்கள். உப்பளத்தில் இறங்குகிறவர்கள் காலுக்கும் தடவிக்கொள்வார்கள், இல்லையென்றால் பாதம் வெடித்துவிடும். வீட்டில் குத்துவிளக்கைத் துடைக்கிற பெண், அதே கையோடு தாழ்ப்பாளுக்கும் ஒரு விரல் எண்ணெய் வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. பல் விளக்குவது போல அது பாட்டுக்கு நடக்கும்.

ஹேச்சரிக்கு முதலில் வாங்கிய மெஷின் உப்புக்காற்றில் செத்துப்போனது. கிளிப் துருப்பிடித்து ஒடிந்தது, திருகாணிகள் கரைந்தன, உள்ளே பச்சை பூத்துவிட்டது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் வைத்து மோட்டார் அண்ணனைத் திட்டினார். ஒரு சாமானை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, அடுத்து வருவதும் போனால் வேலைக்கு வராதே என்றார். அண்ணன் புது மெஷின் வந்ததும் அதைக் கடலோரத் தகரக் கொட்டகையில் வைக்காமல், தினமும் சாயங்காலம் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். காலையில் துண்டோடு கொண்டுவருவார். குழந்தையை ஸ்கூலுக்கு விடுகிற மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் கிண்டல் செய்ததாக மச்சான் எனக்குப் போனில் சொன்னான். அந்தப் புது மெஷினை நான் சரிபார்க்கப் போகும் முறை இன்னும் வரவில்லை.

அதற்குள் அது நடந்துவிட்டது. நான் அங்கே இல்லை. பிறகு அவரும் மற்றவர்களும் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

காலை நேரம். சம்ப்பில் இருந்த மோட்டார் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்துவைத்தார்கள். மோட்டார் அண்ணன் மெஷினை ஆன் செய்து, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, சொல்லிக்கொடுத்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். கத்தவில்லை. மேலே இழுத்துப் பார்த்தார். பூஜ்யம். அதை மச்சானின் சட்டைப் பையில் தன் கையாலேயே மாட்டிவிட்டு, "எறங்கு" என்றார். மச்சான் இரும்புப் படியில் இறங்கிப்போய், சேற்றில் காலை வைத்து அடைப்பைக் கிளறினான். சேறு கலைந்தால் வாயு பொங்கும். "மாமா" என்று ஒரு குரல் கேட்டது என்கிறார்கள். அதற்குள் முகம் குப்புற விழுந்துவிட்டான்.

மோட்டார் அண்ணன் யாரையும் கூப்பிடவில்லை, நேரே இறங்கிவிட்டார். பாதிப் படியில் அவருக்கும் கண் இருட்டியது. ஓடிவந்தவர்கள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மச்சானைக் கொக்கி போட்டுத்தான் எடுக்க முடிந்தது. பை துவைக்கிற இடத்திலிருந்து அக்கா ஓடிவந்தபோது இரண்டு பேரையும் மணலில் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாளாம். இருவரில் புருஷனுக்கு மட்டும் மூச்சு இருந்தது.

மெஷின் ஒரு பிளாஸ்டிக் பையில் என் மேஜைக்கு வந்தது. சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு ஆன் செய்தேன். நன்றாக ஆன் ஆனது. பேட்டரி முழுசாக இருந்தது. கருவியின் நினைவிலிருந்து அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். கயிற்றில் இறங்கியது முதல் சேற்றில் கிடந்தது வரை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, முழுக்கப் பூஜ்யம் காட்டிக்கொண்டு. செத்துப்போகிற ஒருவனின் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தபடி எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சிலிண்டரைத் திறந்து அதன் முகத்தில் வாயுவை ஊதினேன். பூஜ்யம். இன்னும் ஊதினேன். பூஜ்யம்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகத்தில் இருந்த அந்தச் சின்னச் சல்லடையின் ஒவ்வொரு துளையும் அடைபட்டிருந்தது. கிரீஸ். ஏனோதானோ என்று பட்ட கிரீஸ் இல்லை, விரலால் வட்டமாகத் தேய்த்து, ஓட்டைக்குள் போகும்படி அழுத்திப் பூசியது. கிளிப்பிலும் திருகாணியிலும் அதே பூச்சு. துரு என்பது பேருக்குக்கூட இல்லை. மெஷின் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கிரீஸோடு தேங்காய் எண்ணெய் வாசனையும் வந்தது. இலேசாகத் தேய்க்க வரட்டும் என்று மோட்டார் அண்ணன் கலந்திருப்பார் என நினைத்துக்கொண்டேன்.

பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்து மோட்டார் அண்ணனைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன், மூச்சு விடும் ஓட்டையை அவ்வளவு வெளிப்படையாக வைத்த எவனோ ஒருவனையும் திட்டினேன். யாராவது சோம்பேறித்தனமாக இருந்து இது நடந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அக்கறையாக இருந்ததால் நடந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

மேனேஜரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அந்தாளு ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சிக்கினு கெடக்கறாரு மேடம். இப்ப போயி நீ தடவுன கிரீஸாலதான் ஒம் மச்சான் செத்தான்னு சொல்லணுமா? மெஷின் பழுதுன்னே இருக்கட்டும்" என்றார். அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். மற்ற இடங்களுக்கெல்லாம் போன் செய்து, எதையும் தடவாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மோட்டார் அண்ணனுக்குக் குரல் எழும்பவில்லை. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "ஏம்மா கத்தல?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. "பழுதாயிடுச்சுண்ணா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கருமாதிக்கு அக்காவின் அம்மா வீட்டுக்குப் போனேன். பிரம்மதேசத்துப் பக்கம். வாசலில் அவளுடைய அம்மா மருமகனை வாய்க்கு வந்தபடி சபித்துக்கொண்டிருந்தாள். எறங்குன்னு சொன்ன வாயி புழுத்துப்போவணும் என்றாள். அக்கா தம்பியைப் பறிகொடுத்த முகத்தோடு எழுந்துவந்து, "அவர ஒண்ணும் சொல்லாத. மெஷினு ரிப்பேராப் போனா அவரு இன்னா பண்ணுவாரு? அவரும்தான உள்ள எறங்குனாரு?" என்று பெற்றவளிடம் சண்டை போட்டாள். உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கம், அவள் ஒருத்தி மட்டும் புருஷன் பக்கம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா ரிப்பேருன்னு கண்டுபுடிச்சி சொல்லும்மா. எவன் பண்ண தப்புன்னு எனக்குத் தெரியணும். அவன சும்மா உட மாட்டேன்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் நான் நினைத்தது ஒன்றுதான். அந்த ஆளுக்கு மிச்சமிருப்பது இந்தப் பெண் மட்டும்தான். விஷயம் வெளியே வந்தால் இவளும் போய்விடுவாள்.

மோட்டார் அண்ணன் திரும்ப வேலைக்கு வந்த பிறகு புது மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். ஆள் பாதியாகியிருந்தார். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினார். மோட்டார் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். காரணம் சொல்லாமல், விதி என்று மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அண்ணா, இது புது மாடலு. இதோட மூஞ்சில எதையும் தடவக் கூடாது. துரு புடிச்சாலும் பரவால்ல, நான் பாத்துக்கறேன்."

மெஷினை வாங்கப்போன கை நின்றது. "தடவுனா இன்னா ஆவும்?"

"இது மூச்சு உடற எடம். அடைச்சிக்கும்."

"அடைச்சிக்கினா?"

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. பல வருஷம் இன்ஜின் ஓட்டியவர். அடைப்பு என்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"போன மெஷின்ல தடவியிருந்திச்சா?"

"இருந்திச்சுண்ணா."

மோட்டார் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நான் தடவலம்மா" என்றார்.

எனக்குச் சட்டென்று கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் இந்த ஆளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன், இவர் என்னடாவென்றால் தப்பிக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. "உங்க கைலதானண்ணா இருந்திச்சு? வேற யாரு வந்து தடவிட்டுப் போனாங்க?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் சத்தமே இல்லாமல் சொன்னார். "வூட்டுக்கு எடுத்துனு போவேன் இல்ல. வெளக்கு வெச்சதும் அவதான் தொடச்சி வெப்பா. மொத மெஷினு போனப்ப என்னத் திட்டுனாங்க இல்ல, அதுலேர்ந்து. கிரீஸு கெட்டியா இருக்குதுன்னு தேங்காண்ணெ ஊத்திக் கொழப்பி தடவுவா. அவ தம்பிதான் பக்கத்துல ஒக்காந்துனு டார்ச்சு அடிப்பான். அந்த ஓட்டைலயும் தடவி உடுக்கா, அதுல துரு ஏறிடப் போவுதுன்னு."

தேங்காய் எண்ணெய் வாசனை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"மேனேஜருக்கு. நீங்க தடவுனதுன்னு நெனைச்சிக்கினு இருக்கறாரு."

"நெனைச்சிக்கட்டும்" என்றார். பிறகு, "அவளுக்குத் தெரிஞ்சா உசுர வச்சிக்க மாட்டாம்மா" என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, அக்கா வந்துவிட்டாள். கையில் ஈரம் சொட்டியது. என்னைப் பார்த்ததும், "எப்பம்மா வந்த?" என்றாள். நான் மோட்டார் மேடையில் வைத்திருந்த மெஷினைப் பார்த்தாள். "புதுசா? யோவ், மறக்காம வூட்டுக்கு எடுத்துனு வா. எண்ணெ போட்டு வெக்கறேன்."

அவர் மெஷினைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"இன்னாம்மா கண்டுபுடிச்சியா?" என்று என் பக்கம் திரும்பினாள். "அது எப்பிடி ரிப்பேரா போவும்? நானும் யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், வெளங்கல. கண்ணாட்டம் வெச்சிருந்தோமே. நானே டெய்லி தொடச்சி..."

அவள் பேசிக்கொண்டே போனாள். இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் அவளுக்கே புரிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. இல்லை என்றால், எண்ணெய் தடவக் கூடாது என்று நான் சொல்லியாக வேண்டும், ஏன் என்று அவள் கேட்பாள். எந்தப் பக்கம் போனாலும் அங்கேதான் போய் முட்டும். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மெஷினு ரிப்பேரே இல்ல" என்றார் அவர். "நான் ஆன் பண்ணல."

அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன். கயித்துல கட்டி உட்டேன், மேல இழுத்தேன், பையில மாட்டுனேன். ஆன் பண்ணவே இல்ல. பூஜ்யம் காட்டுச்சின்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இந்தம்மாவுக்குத் தெரியும். எனக்காக சொல்லாம இருந்தாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் ஆன் ஆகித்தான் இருந்தது என்பதற்கு என் பட்டறையில் சாட்சி இருந்தது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மெஷினை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத ஆன் பண்ண இன்னாம்மா பண்ணணும்?"

"நடுவுல பட்டன் இருக்குதுக்கா."

"பலமா அழுத்தணுமா?"

"இல்லக்கா. லேசா அழுத்துனாலே போதும்."

ஒரு விரலை வைத்தாள். முன்பு அந்த உப்புப் பட்டையைத் தொட்டாளே, அதே மாதிரி, பட்டும் படாமலும். மெஷின் ஒருமுறை கீச்சிட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. கையை நீட்டி அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இவ்ளோதானாய்யா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இவ்ளோதான்" என்றார்.

மெஷினை மேடையில் வைத்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த பைகளைக்கூட எடுக்காமல் கேட்டைப் பார்த்து நடந்தாள். அங்கிருந்து பஸ் ஏறி பிரம்மதேசத்துக்கே போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் அவளைக் கூப்பிடவில்லை. அவள் கண்ணுக்கு மறைந்ததும் புது மெஷினைக் கையில் எடுத்து, இடுப்பில் இருந்த காய்ந்த துண்டால் அதன் முகத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"ஊதிப் பாரும்மா" என்றார். "கத்துதான்னு பாப்போம்."